முழங்கால் வலிக்கு ஒரு ஜெபம்

கண்ணை மூடின பிறகுதான் தெரிந்தது. சபைப் போதகரான ஐயரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, "நம்மைத் தாழ்த்தி ஜெபிப்போம்" என்றதும் ஒன்பது பெண்களும் முக்காடு போட்டுக்கொண்டு தலை கவிழ்ந்தோம். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் தன்பாட்டுக்கு மடியிலிருந்த வேதப்புத்தகத்தின் பின்னட்டை உறைக்குள் போய்த் தடவிப் பார்த்தது. பத்து நாளாக அந்த விரலுக்கு அதுதான் வேலை, கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு தாள் இருந்தது. ஆனால் பேனா அழுத்தி எழுதின தாளுக்குப் பின்பக்கம் ஒரு சொரசொரப்பு இருக்குமே, அது இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, சேலைத் தலைப்புக்குள் வைத்துப் பிரித்தேன். 'முழங்கால் வலி நீங்க' என்று என் கையெழுத்து. அப்படியானால் பத்து நிமிடத்துக்கு முன்னால் பிஸ்கட் டப்பாவுக்குள் நான் போட்டது எது? இரண்டும் ஒரே நோட்டில் கிழித்த அரைத் தாள், இரண்டையும் நாலாக மடித்திருந்தேன், இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்திருந்தேன். எப்சிபா, உனக்கு மூளை இருக்கிறதா? இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு லைனைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று பெருமை பேசுவாயே, இப்போது பார். கண்ணை மறுபடி மூடிக்கொண்டேன். மூடினால் நடந்தது நடக்காததாகிவிடும் என்பதுபோல இறுக்கமாக மூடிக்கொண்டேன்.

டப்பா ஐயரம்மா கையிலிருந்து கிளம்பிவிட்டது. தகரத்தில் நகம் படுகிற சத்தம், ஒரு தாள் பிரிகிற சத்தம், பிறகு ஐயரம்மாவின் ஜெபம், யாருடைய மகனுக்கோ வேலை. இந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தானே செயலாளர். முன்னெல்லாம் ஜெபக்குறிப்பை வாயால் சொல்வோம். ஒரு சனிக்கிழமை ரோஸ்லின் டீச்சர், "எங்கள் சகோதரி சொர்ணபாயுடைய சம்பந்தியின் குடிப்பழக்கத்தை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று உரக்க ஜெபித்துவிட, சொர்ணபாய் மூன்று மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகுதான் சீட்டு. பெயர் எழுதக் கூடாது. ஆளுக்கு ஒன்றாக எழுதி டப்பாவில் போட வேண்டும், கண்ணை மூடின பிறகு டப்பா வலது கைப்பக்கமாய்ச் சுற்றி வரும், வருகிறதை எடுத்து மனதுக்குள் வாசித்துக்கொண்டு, பெயரில்லாமல் ஜெபிக்க வேண்டும், சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும். ஒருத்தர் குட்டு ஒருத்தருக்குத் தெரியாமல் தேவனுக்கு மட்டும் தெரியட்டும் என்று எல்லாரும் மெச்சின ஏற்பாடு. என் கடிதமோ முதல் சொல்லிலேயே பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. பியூலா, என்று.

எனக்கு நேர் எதிரே, ஜன்னலோரம், ஐந்தாவது நாற்காலியில் இருக்கிறாள் பியூலா. என் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி. எப்சிபா, பியூலா என்று வேதத்தில் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகிற இரண்டு பெயர்கள் எங்களுடையவை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெயரைக் கேட்டதுமே மாமனார், "இது கர்த்தர் சேர்த்த வீடு" என்று கண் கலங்கிவிட்டாராம், அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். ஏழு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். பதினாலு வருஷமாகப் பேச்சில்லை. பேச்சில்லை என்றால் அப்படியொன்றும் சண்டை இல்லை. கோவிலில் பார்த்தால் தலையசைப்பேன், அவள் "என்னக்கா" என்பாள், நான் "ம்" என்பேன். அவள் ஒன்பது மணி ஆராதனைக்குப் போவாள் என்று நான் ஆறரை மணி ஆராதனைக்குப் போவேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது மூன்று நாள் வந்து என் அடுப்படியில் நின்றாள், அவள் போட்ட காப்பியை நான் தொடவில்லை, டம்ளரில் ஆடை கட்டிக் கிடந்தது. எல்லாரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கமும்தான். ஆனால் அந்தக் காப்பி அவள் போட்டது என்பதும்தான். ரோஸ்லின் டீச்சர் ஆரம்பித்துவிட்டாள், இனி பத்து நிமிடத்துக்குக் கவலை இல்லை, அவள் ஆப்பிரிக்காவைத் தொடாமல் ஆமென் சொல்ல மாட்டாள். ஆண்டவரே, இன்றைக்கு ஒரு தடவை அவள் எல்லா தேசங்களையும் சுற்றி வரட்டும். மின்சாரம் போகட்டும். யாருக்காவது மயக்கம் வரட்டும், அதிகம் வேண்டாம், லேசாக.

எழுந்து போய் டப்பாவை வாங்கினால் என்ன? "சீட்டு மாறிப்போச்சு, கொடுங்க" என்றால் முடிந்தது. ஆனால் ஜெபத்துக்கு நடுவில் எழுந்து நிற்கிற செயலாளரை எட்டுப் பேரும் கண் திறந்து பார்ப்பார்கள், என்ன சீட்டு என்று கேட்க மாட்டார்கள், கேட்காமலே போகிற வழியெல்லாம் பேசுவார்கள். எழுந்து நிற்பது. அதில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. கடிதத்தில் நான் எழுதியிருப்பதும் எழுந்து நிற்பதைப் பற்றித்தான். பிரிசில்லாவிடம் முதல் நாள் போனபோதும் அதைத்தான் சொன்னேன். ஆலோசனை மையம் என்று போர்டு வைத்து, மிஷன் ஆபீசுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. முப்பது வயதுகூட இராது அந்தப் பெண்ணுக்கு. என்னைப் பார்த்து உபவாசம் இருங்கள், வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிப்பாள், நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "எதுக்கு வந்தீங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். "ஒரு பையனோட கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கப் போறாங்க. அப்ப நான் எழும்பி நின்னுருவேனோன்னு பயமா இருக்கு" என்றேன். ஓலை என்றால் மூன்று ஞாயிறு கோவிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு, ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நின்று சொல்லலாம். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே கேட்டது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "நின்னு என்ன சொல்வீங்க?" என்றாள். சொல்ல எதுவுமே இல்லை. ஆல்வின் நல்ல பையன். பியூலாவின் மகன் என்பதைத் தவிர அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுந்து நின்றால் போதும் எனக்கு. கோவில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், பியூலாவின் முகம் வெளிறிப்போகும், அதுதான் வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் யோசித்ததில்லை. யோசிக்காமல் பதினாலு வருஷம். அந்த முதல் ஓலை நாளைக்கு.

டப்பா நகர்கிறது. ஆப்பிரிக்கா முடிந்துவிட்டது போலும். சொர்ணபாய் எடுக்கிறாள், அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வராது, பை ஜிப்பைத் திறக்கிறாள். கடிதம் அவள் கையில் இருந்தால்? இல்லை, "பிதாவே, இந்தப் பிள்ளைக்கு வந்திருக்கிற அம்மை" என்கிறாள், அம்மைதான், தப்பித்தேன். எனக்கும் ஒரு பிள்ளை இருந்தாள், இருக்கிறாள், ஓசூரில். ஷெரினுக்கு அப்போது இருபத்துமூன்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "பிள்ளைக்கு வலிப்பு இருந்ததாமே, மறைச்சிட்டீங்களே" என்றாள் அந்த அம்மாள். யார் சொன்னது என்றேன். உங்க வீட்டு ஆளுதான் என்றாள். வலிப்பு! நாலு வயதில், காய்ச்சல் நூற்று நான்கு ஏறி, ஒரே ஒரு தடவை இழுத்தது. அதற்குப் பெயர் வலிப்பா? நான் போய்க் கேட்டேன் பியூலாவை. வாசலிலேயே நின்று கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "அவங்க நேரா வந்து, பிள்ளைக்கு எப்பவாவது இழுத்திருக்கான்னு கேட்டாங்கக்கா. ஒரு தடவை காய்ச்சல்ல இழுத்துச்சுன்னு சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரலக்கா." வாய் வரவில்லையாம். மூன்றாவது ஞாயிறு ஐயர் எங்கள் பெயரைத் தாண்டி அடுத்த ஓலைக்குப் போனார். கோவிலில் இருமல் சத்தம்கூட இல்லை. ஷெரின் என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்குள் உட்கார்ந்த ஒன்று இன்னும் எழுந்திருக்கவில்லை.

என்ன அநியாயம் என்றால், ஷெரினுக்கு அது மறந்துவிட்டது. ஓசூருக்கு வேலைக்குப் போனாள், முப்பத்தோரு வயதில் அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள், தங்கமான மருமகன், ஒரு பேத்தி, போனில் எப்போதும் பின்னால் குக்கர் சத்தமும் சிரிப்பும். "அம்மா, அந்தக் கல்யாணம் நடந்திருந்தா நான் இவரப் பாத்திருக்கவே மாட்டேன். சித்தி நல்லதுதான் பண்ணியிருக்காங்க. நீங்க ஏன் இன்னும் அதையே பிடிச்சிட்டுத் தொங்குதீங்க?" என்கிறாள். நான் யாருக்காகச் சண்டை போட்டேனோ அவளே கட்சி மாறிவிட்டாள். அப்படியானால் பதினாலு வருஷம் நான் எதைச் சுமந்தேன்? பிரிசில்லாவிடம் அழுதது அப்போதுதான். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எழுதுங்கம்மா" என்றாள். "அவங்களுக்கு எழுதுங்க. மனசுல இருக்கதெல்லாம், எவ்வளவு மோசமா இருந்தாலும். ஆனா அனுப்பாதீங்க. என்கிட்ட கொண்டு வாங்க, ரெண்டு பேருமா ஆண்டவர் முன்னால வச்சுப் பாப்போம்." எழுதினேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே பியூலா, என்று எழுதினேன். உன் மகனுக்கு ஓலை வாசிக்கிற நாளுக்காகத்தான் நான் சாகாமல் இருக்கிறேன், அன்றைக்கு எழுந்து நிற்பேன், என் மகள் உட்கார்ந்திருந்த மாதிரி உன் மகன் உட்கார்ந்திருக்கட்டும், என்று எழுதினேன். எழுதி முடித்ததும் சரியான தூக்கம் வந்தது. பத்து நாளாய் நன்றாகத் தூங்குகிறேன். வருகிற திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அது வந்து நிற்கும், நான் தாண்டிப் போய்விடுவேன். ஷெரினுக்கு இழுத்த அன்றைக்கு நான் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்தேன். வீட்டில் பியூலா மட்டும், கல்யாணமாகி ஆறு மாதம், இருபது வயதுப் பெண். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறாள், ஆட்டோ கிடைக்கிற வரைக்கும் ஓடியிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், பியூலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை, பாதத்தில் ரத்தம். "ஒண்ணுமில்லக்கா, சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். அவள் பார்த்ததால்தானே சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால் சொல்வதற்கே ஒன்றும் இருந்திருக்காது. இந்த யோசனை வந்தாலே எனக்கு எரிச்சல் வரும், வெறுக்கக்கூட விடாமல் இது ஏன் குறுக்கே வருகிறது என்று. கூட்டம் முடியும்போது எல்லாரும் சேர்ந்து சொல்கிற கர்த்தருடைய ஜெபத்தில் ஒரு வரி இருக்கிறதே, மன்னிக்கிற வரி, அந்த வரிக்கு மட்டும் வாயை அசைத்துவிட்டு விட்டுவிடுவேன். பிதாவை ஏமாற்றுகிறதாக நினைப்பு. அவர் என்ன, ரோஸ்லின் டீச்சரா?

நாலாவது ஆள் ஜெபித்து முடித்தாள். டப்பா கை மாறுகிறது, கண்ணாடி வளையல் தகரத்தில் இடிக்கிற சத்தம். அந்த வளையல் சத்தம் எனக்குத் தெரியும், ஏழு வருஷம் அம்மியிலும் பாத்திரத்திலும் கேட்டது. இன்னும் ஐந்து சீட்டு இருக்கிறது, வேறு ஏதாவது வரட்டும், என்னிடம் கடைசியில் வரட்டும் அது, ஆண்டவரே, என்னிடமே வந்து சேரட்டும். தாள் பிரிகிறது. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. மௌனத்தில் ரகம் உண்டு, அது எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். லைன் அறுந்துபோன மௌனம் வேறு, மறுமுனையில் ஆள் இருந்து பேச முடியாமல் இருக்கிற மௌனம் வேறு. அதற்கு மூச்சு உண்டு. சாவுச் செய்தி வந்த டிரங்க் காலில் எல்லாம் அந்த மூச்சைக் கேட்டிருக்கிறேன். இது அந்த மௌனம்தான். யார் கையெழுத்து என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சாமான் சீட்டை ஏழு வருஷம் அந்தக் கையெழுத்தில்தான் வாசித்திருக்கிறாள். வாசிக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே, அந்த வரியில் இருப்பாள். இப்போது ஆல்வின். இப்போது எழுந்து நிற்பது. என் காது சுடுகிறது. அரைத் தாள் வாசிக்க இவ்வளவு நேரமா? ஐயரம்மா தொண்டையைச் செருமுகிறாள், ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். இவளுக்குத்தான் பொய் வராதே. இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவாள். எட்டுப் பேர் முன்னால், தேவன் முன்னால், ஒருத்தி ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுக்கக் காத்திருக்கிறாள் ஆண்டவரே என்று ஜெபித்துவிடுவாள். சொல்லட்டும். எனக்கு அலுத்துவிட்டது. சொல்லித் தொலைக்கட்டும், இதோடு தீரட்டும்.

"ஆண்டவரே," என்றாள் பியூலா. குரல் கீழே எங்கேயோ இருந்தது. மறுபடி, "ஆண்டவரே." பிறகு, "இந்தச் சீட்டில எழுதியிருக்கது... முழங்கால் வலி ஆண்டவரே. ஒரு சகோதரிக்கு முழங்கால் வலி. ரொம்ப வருஷத்து வலி. அதைத் தூக்கிக்கிட்டே நடக்காங்க. ராத்திரி தூக்கம் இருந்திருக்காது. நாங்க பக்கத்தில இருந்தும் கேக்காம இருந்துட்டோம். அந்த வலிக்கு நாங்க காரணமா இருந்தா எங்களை மன்னியும். அவங்களத் தொட்டு சுகமாக்கும். ஆமென்." ஆமென் என்றார்கள் எல்லாரும். ரோஸ்லின் டீச்சரின் ஆமென் இழுத்துக்கொண்டு வந்தது, முழங்கால் வலிக்கு மற்றவர்கள் எப்படிக் காரணமாவார்கள் என்று குழம்பியிருப்பாள். என் முழங்கால் வலி ஊருக்கே தெரியும், படி ஏறும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேதான் ஏறுவேன். தாள் மறுபடி மடிகிற சத்தம். வேதப்புத்தகத்துக்குள் போகிற சத்தம். டப்பா நகர்ந்துவிட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். இதிலும் முந்திக்கொண்டாளே என்று. மன்னிப்பதா வேண்டாமா என்று நான் ஆலோசனைக்குப் போய், கடிதம் எழுதி, தவணை தவணையாக யோசித்துக்கொண்டிருக்கையில், இவள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாளே என்று. அதற்கப்புறம்தான் உறைத்தது. பொய். பியூலா பொய் சொல்லியிருக்கிறாள். சம்பந்தி வீட்டு அம்மாளிடம் ஒரு பொய் சொல்ல வாய் வராதவள், கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடமே சொல்லிவிட்டாள், எனக்காக. அன்றைக்கு அவளிடம் நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு பொய். பதினாலு வருஷம் பிந்தி, கேட்காமலே கொடுத்துவிட்டாள். மூக்கு ஒழுகியது, முக்காட்டால் துடைத்துக்கொண்டேன். அழுகை என்று சொல்ல முடியாது, வெகுதூரம் பாரம் தூக்கினவளுக்குக் கை மரத்துப்போய், இறக்கி வைத்தபிறகும் வலிக்குமே, அந்த அசதி. டப்பா எனக்கு வந்தபோது கடைசிச் சீட்டு ஒன்று இருந்தது. யாருடைய பேரனுக்கோ பேச்சு வரவில்லை. ஆண்டவரே, பேச்சைத் தாரும் என்றேன். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை. கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். அந்த வரி வந்தது. சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, வாய்தான் அசைந்ததா, எனக்குத் தெரியாது.

கண் திறந்தால் வெளிச்சம் கூசியது. டீ வந்துவிட்டது, நாற்காலிகள் இழுபட்டன, யாரோ வடைக்குச் சட்னி கேட்டார்கள். பியூலா ஜன்னலோரமே இருந்தாள், வேதப்புத்தகத்தை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் எழுந்தேன். முழங்கால் நிஜமாகவே கடுத்தது. அந்த அறையின் குறுக்கே பத்து அடி இருக்குமா? போய் நின்று, என் கையிலிருந்த சீட்டை நீட்டினேன்.

"என்னதுக்கா?"

"நீ ஜெபம் பண்ணின சீட்டு. இதத்தான் போட நினைச்சேன், மாறிப்போச்சு. நீ சொன்னது பொய்யாயிரக் கூடாதுல்லா."

பிரித்து வாசித்தாள். "அப்போ அது?"

"அதும் நான் எழுதினதுதான். உனக்குக் கொடுக்கணும்னு எழுதல."

"எழுதினதெல்லாம் உள்ளதாக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு. "உள்ளதுதான்" என்றேன். "எழுதின அன்னைக்கு உள்ளதுதான். இன்னைக்கும் பாதி இருக்கு."

அவள் தலை குனிந்தாள். நாளைக்கு, என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். கேட்க வேண்டியதை அவளும் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும். கடிதத்தை எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கேட்டு வாங்கவும் எனக்கு மனமில்லை. திங்கட்கிழமை பிரிசில்லாவிடம் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். கசப்பு போய்விட்டதா அம்மா என்று கேட்பாள். இல்லை என்பேன், ஆனால் இப்போது அது என்னிடம் மட்டும் இல்லை என்பேன்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வாரேன்" என்றேன். "உன் பக்கத்தில இடம் போட்டு வை. ஓலை வாசிக்கும்போது என் கையப் பிடிச்சுக்க. நான் எழும்பினா இழுத்து உக்கார வச்சிரு."

பியூலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்து இடம் பண்ணினாள், உட்கார்ந்தேன். அவளுக்கு வந்த டீ டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"ஆறிரும்க்கா."

குடித்தேன்.